அப்பா கட்டிய வீட்டை விற்றபோது: வங்கி, பத்திரப் பதிவு, வருமான வரி மூன்றுக்கும் நடுவே ஒரு குடும்பம்

வரி ஆலோசனை வேலையில் வாரிசு வீட்டு விற்பனைகள் அடிக்கடி வரும். அவற்றில் ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை இங்கே பதிவு செய்கிறேன். குடும்பத்தின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். அவர்களை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றி, தொகைகளை முழுத் தொகையாக்கி எழுதியிருக்கிறேன். பத்து ஆண்டுகளில் வங்கி, பதிவுத்துறை, வருமான வரி மூன்றிலும் நிறைய சீர்திருத்தம் வந்துவிட்டது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நல்லதுதான். ஆனால் ஒன்றோடு ஒன்று சேரும் இடங்களில் என்ன நடக்கிறது என்பதை இந்த ஒரு வீடு காட்டிவிட்டது.

பின்னணி

திருச்சி மாநகராட்சி எல்லைக்குள் 2,400 சதுர அடி மனை. பள்ளி ஆசிரியர் ஒருவர் 1994இல் வாங்கியது. 2005-06இல் பொதுத்துறை வங்கி ஒன்றில் கடன் எடுத்துத் தரைத்தளம் கட்டினார். அந்தக் கடனை அடைத்துவிட்டு 2014-15இல் அதே வங்கியில் இரண்டாவது கடன் வாங்கி மாடி எழுப்பினார். அந்த வங்கி 2020 ஏப்ரலில் நடந்த பெரிய இணைப்பில் இன்னொரு வங்கியோடு சேர்ந்துவிட்டது.

ஆசிரியர் 2024 ஜனவரியில் காலமானார். உயில் எழுதவில்லை. அவருடைய தாயார் முன்பே இறந்துவிட்டதால் வாரிசுகள் மூன்று பேர்: மனைவி, கோவையில் இருக்கும் மகள், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அம்மாவுக்கு அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. வீட்டை விற்று, மகள் வீட்டுக்குப் பக்கத்தில் சின்ன ஃபிளாட் ஒன்று வாங்கிக்கொள்வது என்று மூவரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். சண்டை எதுவும் இல்லாத குடும்பம். பட்டாவும் ஆசிரியர் பெயரில் தனிப்பட்டாவாகவே இருந்தது. இந்த இரண்டும் இல்லாத குடும்பங்களுக்கு இங்கே சொல்லப்போவதைவிட இரண்டு மடங்கு அலைச்சல் இருக்கும்.

அவர்கள் என்னிடம் வந்தது 2024 மார்ச்சில், தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் கிடைத்த கையோடு.

அப்போது இருந்த விதிகள்

கிரயப் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை (பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பை) 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பைப் பழைய நிலைக்கு உயர்த்தி, கட்டணத்தை 2 ஆகக் குறைத்தார்கள். 2024 ஜூலையில் வழிகாட்டி மதிப்பு மறுபடி திருத்தப்பட்டது. இத்தனை திருத்தத்துக்குப் பிறகும் பல தெருக்களில் வழிகாட்டி மதிப்பு ஒன்று, சந்தை விலை ஒன்று என்றுதான் இருக்கிறது.

வங்கிப் பக்கம் ஒரு முக்கியமான மாற்றம் வந்திருந்தது. 2023 செப்டம்பர் 13 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, கடன் முழுதாக அடைபட்ட 30 நாளுக்குள் வங்கி இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, அசல் சொத்துப் பத்திரங்களைத் திருப்பித் தருவது. இரண்டு, எந்தப் பதிவேட்டில் அந்தச் சொத்தின் மேல் பொறுப்பு எழுதியிருந்தாலும் அதை நீக்குவது. தாமதம் வங்கியின் தவறால் என்றால் நாளுக்கு ரூ.5,000 இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. முதல் பாதியைப் பலர் அறிவார்கள். இரண்டாவது பாதியை வங்கிக் கிளைகளிலேயே பலர் கவனிப்பதில்லை.

வருமான வரியில், அந்த மார்ச் மாதத்தில், நிலம் வீடு விற்றால் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு, அதாவது பல ஆண்டு வைத்திருந்து விற்பதில் வரும் லாபத்துக்கு, 20 சதவீத வரி. வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டால் உயர்த்திக் கழித்துக்கொள்ளலாம். இந்த விதி நடுவழியில் மாறும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

கடனை முடித்தது

இரண்டாவது கடனில் மூன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பாக்கி இருந்தது. 2024 மே 10 அன்று அம்மா தன் சேமிப்பிலிருந்து கட்டி முடித்தார். கிளையில் 'பாக்கி இல்லை' கடிதம் உடனே கொடுத்தார்கள். பத்திரங்கள் வேறு ஊரில் உள்ள மையக் கிடங்கில் இருப்பதாகவும், வரவழைக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். கடன் வாங்கியவர் இறந்துவிட்டதால் மூன்று வாரிசுகளும் கையெழுத்திட்ட உறுதிப்பத்திரம் வேண்டும், அதுவும் வங்கியின் படிவத்திலேயே வேண்டும் என்றார்கள். மகன் முதலில் வேறு படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பியது ஏற்கப்படவில்லை. திருத்தி அனுப்பியது கிளைக்கு வந்து சேர்ந்தது ஜூலை 16. பத்திரங்கள் கைக்கு வந்தது ஜூலை 18.

அந்தக் கட்டில் 1994 கிரயப் பத்திரம், மூலப்பத்திரத்தின் நகல், தரைத்தளம் மாடி இரண்டுக்கும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் எல்லாம் இருந்தன. 2014 கடனுக்காகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்ஓடி (பத்திரங்களை வங்கியில் அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவாகியிருந்தது. வங்கி அதிகாரி வந்து அதற்கு ரசீது ஆவணம் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்தார். அதன் பிறகு போட்டுப் பார்த்த வில்லங்கச் சான்றில் கடன் தீர்ந்ததாக வந்துவிட்டது. குடும்பம் இத்தோடு வங்கி வேலை முடிந்தது என்று நினைத்ததில் தவறில்லை. கிளையும் அப்படித்தான் சொன்னது.

ஜூலை 23

பத்திரம் கைக்கு வந்த ஐந்தாம் நாள் மத்திய பட்ஜெட். அன்று முதல் விற்கும் சொத்துக்கு வரி 20லிருந்து 12.5 சதவீதமாகக் குறையும், ஆனால் பணவீக்கக் குறியீட்டுக் கழிவு கிடையாது என்று அறிவித்தார்கள். மகள் அன்று மாலையே போன் செய்து, இது நமக்கு லாபமா நஷ்டமா என்று கேட்டார். விகிதத்தை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு அவர்கள் எதிர்பார்த்த விலை 96 லட்சம். மனை 2001க்கு முன் வாங்கியது என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை வாங்கிய விலையாக எடுக்கலாம். அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. சதுர அடிக்கு ரூ.100 என்று வைத்து ரூ.2.4 லட்சம். தரைத்தளம் கட்டிய செலவு 9 லட்சம், மாடி 12 லட்சம். மொத்தம் 23.4 லட்சம்.

கட்டிய செலவுக்கு ஆதாரம் வேண்டுமே. இங்கேதான் வங்கி கைகொடுத்தது. இரண்டு கடன்களும் அஸ்திவாரம், லிண்டல், கான்கிரீட் என்று கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டவை. கடன் கணக்கின் அறிக்கையில் தேதியும் தொகையும் இருந்தன. கடனுக்கு மேல் கைக்காசு போட்டதற்கு ஆசிரியரின் கோடு போட்ட நோட்டு ஒன்று கிடைத்தது. செங்கல் எத்தனை லோடு, சிமென்ட் மூட்டை என்ன விலை, சனிக்கிழமை தோறும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கொடுத்த கூலி என்று அழகான கையெழுத்தில் வரிசையாக எழுதி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டித் தொகை போட்டிருந்தார். கடைக்காரர்கள் கொடுத்த துண்டுச் சீட்டுகளைப் பின்னட்டை உறையில் செருகி வைத்திருந்தார். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் அந்த நோட்டையும் வங்கி அறிக்கையையும் வைத்துத்தான் அறிக்கை எழுதினார். அந்த நோட்டு இல்லாவிட்டால் சில லட்சம் செலவைக் கணக்கில் காட்டியிருக்கவே முடியாது.

குறியீடு 2001-02இல் 100, 2005-06இல் 117, 2014-15இல் 240, 2024-25இல் 363. இதன்படி உயர்த்தினால் மனை 8.71 லட்சம், தரைத்தளம் 27.92 லட்சம், மாடி 18.15 லட்சம். மொத்தம் 54.78 லட்சத்துக்குச் சற்று மேல். பழைய முறையில் ஆதாயம் 41.21 லட்சம், ஒருவர் பங்கு சுமார் 13.74 லட்சம், 20 சதவீத வரி ரூ.2,74,766. புதிய முறையில் ஆதாயம் 72.6 லட்சம், ஒருவர் பங்கு 24.2 லட்சம், 12.5 சதவீத வரி ரூ.3,02,500. விகிதம் குறைந்தும் வரி ஆளுக்கு ரூ.27,734 கூடுகிறது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் அரசு ஒரு படி இறங்கி வந்தது. ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலம், வீட்டுக்கு இரண்டு கணக்கில் எது குறைவோ அதைக் கட்டலாம் என்று திருத்தம் கொண்டுவந்தது. ஆனால் இந்தச் சலுகை இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும்தான். சிங்கப்பூர் மகனுக்குக் கிடையாது. ஒரே அப்பா, ஒரே வீடு, சமமான பங்கு. தங்கைக்கு ஒரு வரி, அண்ணனுக்கு ஒரு வரி. இதில் என்ன நியாயம் என்று மகன் கேட்டார். எனக்கும் இதில் நியாயம் தெரியவில்லை. அவர் அப்பா வீடு கட்டிய காலத்துப் பணவீக்கம் மகன் எந்த நாட்டில் இருந்தாலும் ஒன்றுதான்.

முதல் ஆள், ரொக்கப் பேச்சு

ஆகஸ்டில் புரோக்கர் ஒருவரை அழைத்து வந்தார். விலை 96க்கு ஒத்துக்கொண்டார். வழிகாட்டி மதிப்பின்படி மனையும் கட்டடமும் சேர்ந்து 68 லட்சம் வந்தது. பத்திரத்தில் 68 போட்டுக்கொள்வோம், மீதி 28 லட்சத்தை ரொக்கமாகத் தந்துவிடுகிறேன் என்றார். அவருக்குப் பதிவுச் செலவில் ரூ.2.52 லட்சம் மிச்சம். குடும்பத்துக்கும் மூலதன ஆதாயம் 28 லட்சம் குறைவாகத் தெரியும். "எல்லாரும் இப்படித்தான் சார் பண்றாங்க" என்றார் புரோக்கர்.

நான் வேண்டாம் என்று சொன்னதற்கு இரண்டு காரணம். சொத்து விற்பனையில் ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டத்தின் 269எஸ்எஸ் பிரிவுக்கு எதிரானது. வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வரும், அதுவும் விற்பவர் தலையில். இன்னொன்று, அம்மா அந்தப் பணத்தில் ஃபிளாட் வாங்கி, வீடு விற்ற ஆதாயத்தில் வேறு வீடு வாங்கினால் கிடைக்கும் 54ஆம் பிரிவு வரி விலக்குக் கேட்கப்போகிறார். கணக்கில் வராத பணத்தில் வாங்கிய ஃபிளாட்டுக்கு எப்படி விலக்குக் கேட்பது? மகனாலும் ரொக்கத்தைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோக முடியாது. அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அவ்வளவு காசை நான் எங்க தம்பி வச்சுக்கிறது, பீரோவுலயா?" என்றார். அந்த ஆளை அனுப்பிவிட்டார்கள்.

விடுதலைப் பத்திரம் யோசனை

பத்திர எழுத்தர் ஒரு வழி சொன்னார். மகனும் மகளும் தங்கள் பங்கை அம்மாவுக்கு விடுதலை எழுதிக் கொடுத்துவிடட்டும். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் ரூ.40,000. பதிவுக் கட்டணம் அதிகபட்சம் ரூ.10,000. அப்புறம் அம்மா ஒருவரே விற்கலாம். வெளிநாட்டு வாரிசு என்ற சிக்கலே இருக்காது. பணத்தை அம்மா பிறகு பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொள்ளட்டும் என்றார்.

மனதார விட்டுக்கொடுக்கும் பிள்ளைக்கு இது நல்ல வழி. இங்கே மகன் தன் பங்கை உண்மையாகவே எதிர்பார்த்திருந்தார், அங்கே அவருக்குக் கடன் இருந்தது. பங்கு வேண்டாம் என்று பத்திரத்தில் எழுதிவிட்டு, மூன்று மாதத்தில் அதே பங்கைப் பணமாக வாங்கினால் பத்திரம் ஒன்று சொல்லும், வங்கிக் கணக்கு வேறொன்று சொல்லும். நடுவில் அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் பிள்ளைகள் நிலை என்ன? மிச்சமாகும் வரியோ முப்பதாயிரத்துக்கும் குறைவு. அவரவர் பங்கை அவரவரே விற்பது என்று மூவரும் முடிவெடுத்தார்கள். அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டாவது ஆள், வங்கிக் கடன்

செப்டம்பரில் வந்தவர் சம்பளக்காரர், வீட்டுக் கடன் எடுத்து வாங்குபவர். அவருக்கு 65 லட்சம் கடன் தேவை. வங்கி பத்திர மதிப்பில்தான் கடன் தரும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு மதிப்பில் 80 சதவீதம். பத்திரத்தில் 68 லட்சம் போட்டால் கடன் 54.4 லட்சத்துக்கு மேல் கிடைக்காது. எனவே முழு விலை 96 லட்சத்தையும் பத்திரத்தில் போட வேண்டும் என்று அவரே கேட்டார். பதிவுச் செலவு ரூ.8.64 லட்சம் அவருக்குப் பாரம்தான், ஆனாலும் ஏற்றுக்கொண்டார். விலையை உள்ளபடி எழுத வைப்பதில் அபராதச் சட்டங்களைவிட வீட்டுக் கடன்தான் அதிகம் சாதித்திருக்கிறது என்பது என் அனுபவம்.

அவருடைய வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் முதல் சிக்கலைக் கண்டுபிடித்தார். சொத்து வரி ரசீதில் தரைத்தளம் மட்டும்தான் இருந்தது. மாடிக்கு வரைபட அனுமதி உண்டு, வரி விதிப்பு இல்லை. கட்டி முடித்தபோது மாநகராட்சிக்கு யாரும் சொல்லவில்லை. 2022இல் தமிழ்நாடு முழுவதும் சொத்து வரியை உயர்த்தியபோதும் ஏட்டில் இருந்த பரப்புக்குத்தான் உயர்ந்தது, ஏட்டில் இல்லாத மாடி அப்போதும் தப்பிவிட்டது. நாமே போய் மாட்டிக்கொள்வதா என்று மகள் தயங்கினார். மாடிக்கு 12 லட்சம் செலவானது என்று வருமான வரியில் காட்டப்போகிறோம், மாநகராட்சியிடம் மாடியே இல்லை என்று இருக்க முடியாது என்றேன். மறு அளவீட்டுக்கு விண்ணப்பித்து, அவர்கள் கணக்கிட்ட நிலுவை ரூ.41,000 சொச்சத்தைக் கட்டினார்கள்.

இரண்டாவது சிக்கல் பெரியது. அக்டோபர் முதல் வாரத்தில் வாங்குபவரின் வங்கி வழக்கறிஞர் சொத்தின் மேல் இன்னும் கடன் இருக்கிறது என்று எழுதிவிட்டார். வில்லங்கச் சான்றில் கடன் தீர்ந்தாயிற்று. பத்திரம் கையில் இருக்கிறது. பிறகு எங்கே கடன்? செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டில்.

ஒரே சொத்தை வைத்துப் பல வங்கிகளில் கடன் வாங்கும் மோசடியைத் தடுக்க 2011இல் வந்த பதிவேடு இது. அடமானம் வாங்கும் வங்கி இதில் பதிய வேண்டும். 2020 ஜனவரியிலிருந்து இதில் பதியாத கடனுக்கு, நீதிமன்றம் போகாமலே வங்கி கடனை வசூலிக்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின்படி சொத்தைக் கைப்பற்றும் அதிகாரமும் கிடையாது. அதனால் பதிவதில் வங்கிகள் கண்ணும் கருத்துமாக இருக்கின்றன. நீக்குவதில் வங்கிக்கு ஆதாயம் ஏதுமில்லை. சார்பதிவாளர் ஏடும் செர்சாய் ஏடும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. ஆசிரியரின் கடன் இணைப்புக்கு முந்தைய வங்கியின் பெயரிலேயே செர்சாயில் நின்றுகொண்டிருந்தது. எந்த அலுவலகம் அதை நீக்க வேண்டும் என்பதே கிளைக்குத் தெரியவில்லை.

ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின் இரண்டாவது பாதியைச் சுட்டிக்காட்டி, நாளுக்கு ரூ.5,000 ஓடிக்கொண்டிருக்கிறது என்று வட்டார அலுவலகத்துக்கு எழுதினோம். அக்டோபர் 21 அன்று பதிவு நீங்கியது.

வரிப் பிடித்தம்

வாங்குபவர் விலையில் 1 சதவீதத்தை விற்பவரின் வரியாகப் பிடித்துக் கட்டினால் போதும் என்று புரோக்கர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கும் மகளுக்கும் அது சரி. தலைக்கு 32 லட்சம்தான், 50 லட்சத்தைத் தாண்டவில்லையே என்ற வாதமும் 2024 அக்டோபர் 1க்குப் பிறகு செல்லாது. விற்பவர் எத்தனை பேராக இருந்தாலும் மொத்த விலையைத்தான் பார்க்க வேண்டும் என்று சட்டம் தெளிவாகிவிட்டது. இருவருக்கும் தலா ரூ.32,000 பிடித்தம், அதைக் கட்டப் படிவம் 26க்யூபி.

மகன் விஷயம் வேறு. அவருக்கு, வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் வரி பிடிக்கச் சொல்லும் 195ஆம் பிரிவு. வாங்குபவர் டான் எண் (வரி பிடிப்பவருக்கு வரித்துறை தரும் எண்) எடுத்து, வரி பிடித்து, 27க்யூ அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். ஆதாயம் எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரியாது என்பதால் முழு 32 லட்சத்துக்கும் 12.5 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் பிடிப்பதுதான் நடைமுறை. அப்படிப் பிடித்தால் ரூ.4.16 லட்சம். உண்மையான வரி செஸ் சேர்த்து ரூ.3,14,600. மீதியைத் திரும்பப் பெற அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். இதற்காகப் படிவம் 13இல் குறைந்த பிடித்தச் சான்றிதழ் கேட்கலாம்.

விண்ணப்பிக்கப் போனபோது மகனின் பான் செயலிழந்திருந்தது. வெளிநாட்டில் வசிப்பவர்கள் ஆதாரை இணைக்கத் தேவையில்லை. ஆனால் வருமான வரித்துறையின் ஏட்டில் இவர் இன்னும் உள்நாட்டில் வசிப்பவராகவே இருந்ததால் 2023 ஜூலையில் எண் முடங்கியிருக்கிறது. பாஸ்போர்ட் நகலோடு எழுதி அதைச் சரிசெய்த பிறகுதான் விண்ணப்பமே ஏறியது. சான்றிதழ் வர ஐந்து வாரம் ஆனது. அதற்குள் வாங்குபவரின் கடன் அனுமதிக் கடிதம் காலாவதி ஆகிவிடுமோ என்ற பயம் இரண்டு பக்கமும் இருந்தது.

டான் எடுக்க வாங்குபவர் முதலில் மறுத்தார். ஆயுளில் ஒரு வீடு வாங்குபவர் எதற்காக ஒரு கம்பெனி மாதிரி அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும் என்பது அவர் கேள்வி. குறைவாகப் பிடித்தால் மீதிக்கு அவர்தான் பொறுப்பு என்று சட்டப் பிரிவைக் காட்டினேன். அறிக்கை தாக்கல் செய்யும் வேலையை எங்கள் அலுவலகமே பார்த்துத் தரும் என்றதும் சம்மதித்தார்.

பதிவும் பிறகும்

டிசம்பரில் மகன் விடுப்பில் வந்தார். மூவரும் நேரில் கையெழுத்திட்டுப் பத்திரம் பதிவானது. மகன் பங்கு அவருடைய என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியாவில் வைத்திருக்கும் வங்கிக் கணக்குக்கு) போனது. அங்கிருந்து, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வரி விவரம் காட்டும் 15சிஏ, 15சிபி படிவங்களோடு சிங்கப்பூருக்கு அனுப்பினோம். அம்மா தன் பங்கோடு கொஞ்சம் சேமிப்பும் சேர்த்துக் கோவையில் ஃபிளாட் வாங்கினார், அவருக்கு ஆதாய வரி எதுவும் வரவில்லை. மகள் பழைய கணக்கின்படி செஸ் சேர்த்து ரூ.2,85,757 கட்டினார். மகன் ரூ.3,14,600. சான்றிதழ் சரியாக வாங்கியதால் அவருக்குத் திரும்பப் பெற வேண்டிய தொகை எதுவும் மிஞ்சவில்லை.

இழப்பீட்டுக்கு அக்டோபர் கடைசியில் வங்கிக்கு முறைப்படி புகார் கொடுத்தோம். 30 நாளில் சரியான பதில் வராததால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போனோம். ஜூன் 10 முதல் அக்டோபர் 21 வரை 134 நாள் கேட்டிருந்தோம். வாரிசு உறுதிப்பத்திரம் ஜூலை 16 அன்றுதான் வந்தது என்று வங்கி கடிதங்களைக் காட்டியது. அதை மறுக்க முடியவில்லை. பத்திரம் கைக்கு வந்த ஜூலை 18 வரையிலான 39 நாளை விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு செர்சாய் பதிவு நீங்காமல் கிடந்த 95 நாளுக்கு வங்கியிடம் காரணம் எதுவும் இல்லை. 2025 ஏப்ரலில் சமரசத்தில் ரூ.4.75 லட்சம் கொடுத்தார்கள். அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மூன்று மாதமும் தூக்கம் இல்லாமல் போனதற்குப் பணம் ஈடாகாது என்றார்.

எதை மாற்ற வேண்டும்

கடன் முடிக்கும் எவரிடமும் இப்போது மூன்று தாளைச் சேர்த்தே கேட்கச் சொல்கிறேன்: பாக்கி இல்லைக் கடிதம், எம்ஓடி ரசீது பதிவான வில்லங்கச் சான்று, செர்சாயில் பொறுப்பு நீங்கியதற்கான அச்சு. மூன்றாவதைச் சிறு கட்டணம் கட்டி இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். கடன் வாங்கியவர் இறந்திருந்தால், பணத்தைக் கட்டுவதற்கு முன்பே வாரிசுகளிடம் என்னென்ன தாள் வேண்டும் என்று வங்கியிடம் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். அந்த நடைமுறையை வங்கி தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. இந்தக் குடும்பம் மே மாதமே அதை வாங்கியிருந்தால் 39 நாளும் வீணாகியிருக்காது. வெளிநாட்டில் வாரிசு இருந்தால் விலை பேசுவதற்கு முன்பே பான் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

குடும்பங்களால் சரிசெய்ய முடியாதவையும் இருக்கின்றன. வில்லங்கச் சான்று எடுக்கும்போதே செர்சாய் பதிவும் அதில் தெரிய வேண்டும். இரண்டு ஏடும் கணினியில்தான் இருக்கின்றன, சொத்தை அடையாளம் காட்டும் சர்வே எண்ணும் இரண்டிலும் உண்டு. வங்கி பொறுப்பை நீக்காவிட்டால் வாடிக்கையாளர் புகார் கொடுத்த பிறகுதான் இழப்பீடு என்று இருப்பதும் மாற வேண்டும். கடன் கணக்கு மூடிய 31ஆம் நாளில் பதிவேடே வங்கியைக் கேட்கும்படி செய்யலாம். வெளிநாட்டு வாரிசின் பங்குக்கும் 26க்யூபி போல ஒரே படிவத்தில் வரி கட்ட வழி இருந்தால், வாங்குபவர்கள் அந்த வீட்டைப் பார்த்து ஒதுங்க மாட்டார்கள்.

இந்த விற்பனை நடந்தது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் கீழ். 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் என்பதால், அந்தத் தேதிக்குப் பிறகு விற்பவர்கள் இங்கே சொன்ன பிரிவு எண்களையும் படிவ எண்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஆடிட்டரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவும். செர்சாய் தேடலுக்கு ஆடிட்டர் தேவையில்லை, அதை இன்றைக்கே செய்துவிடலாம்.